அமரர் பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது

துடியலூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், கொடுமுடி திரு. வெள்ளியங்கிரி அவர்களுக்கு, தங்கள் தங்கை துளசிமணியின் கணவன் பொங்கியண்ணன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது என்னவென்றால், நான் உயிரோடு இருக்கிறேன். தாங்களும் நஞ்சம்மாள் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காவேரியில் தண்ணீர் நிறைய வருவதாகப் பேப்பரில் பார்த்தேன், சந்தோஷம். மஞ்சள் வெள்ளாமை எப்படி, அக்காவின் முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் வழக்கம்போல விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. முதல் வரியை மறுபடி ஒரு தரம் வாசித்துவிட்டு மேலே படியுங்கள்.

நேற்றுப் போனில் பேசியது நான்தான் மச்சான். சென்னிமலை முருகன் மேல் ஆணையாக நான்தான். "மச்சான், நான் செத்துப்போயிட்டேனுங்க, ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லாம சனிக்கிழமை கோயமுத்தூர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று நான் சொன்னதும், "குரலைக்கூடக் கம்ப்யூட்டர்ல செய்யறீங்களாடா, களவாணிப் பசங்களா" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. போன மாதம்தான் எவனோ உங்கள் மகள் ரித்திகா குரலில் பேசி உங்களை ஏமாற்றப் பார்த்தான் என்று அக்கா சொன்னார்கள். அப்புறம் துளசிமணி பேசினாள். அவளுக்கு 'அண்ணா' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுதுபோட்டாள். "பொம்பளை அழுவற குரலும் வெச்சிருக்கீங்களா" என்று அதையும் வைத்துவிட்டு, இரண்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று ரித்திகா கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நீங்களே சொன்னீர்கள். அந்தக் கோழிதான் இது, நன்றாகப் பாருங்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கும் இப்படி எழுத வராது.

விஷயம் எங்கள் பையன் கவினைப் பற்றியது. நாங்கள் சென்னிமலையில் பெட்ஷீட் கடையை மூடிவிட்டுத் துடியலூருக்குக் குடிவந்ததும், நான் தண்ணி கேன் சப்ளை ஆரம்பித்ததும், கவினை இங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்ததும் தங்களுக்குத் தெரிந்ததே. பெரிய பள்ளிக்கூடம் என்றால் நீங்கள் நினைக்கிற பெரிசு இல்லை மச்சான். உள்ளே குதிரை இருக்கிறது. பிள்ளைகள் ஏறிச் சவாரி போகிறார்கள். நம் பையன் முதல் நாள் போய்ப் பக்கத்துப் பெஞ்சுப் பையனிடம், "ஏனுங்க, இங்க உக்காந்துக்கலாமுங்களா" என்று கேட்டிருக்கிறான். வேறெப்படிக் கேட்பான், கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவன். அந்தப் பையன் சிரிக்க, வகுப்பே சிரிக்க, அன்றிலிருந்து அவனுக்கு 'ஏனுங்கோ' என்று பேராகிவிட்டது. வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது 'கவின்' என்றால்கூடப் பின்னாலிருந்து நாலு பேர் 'வந்துட்டேனுங்கோ' என்பார்களாம். இதையெல்லாம் அவன் எங்களிடம் சொல்லவில்லை. காலையில் என் குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏறி வருவான், பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் பெட்ரோல் பங்கிலேயே 'இங்க போதுங்கப்பா' என்று இறங்கிக்கொள்வான். வண்டி நிறையத் தண்ணி கேன், சாயங்காலம்வரை எனக்கு ஓட்டம், நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அவன் சும்மாவும் இருக்கவில்லை, சேர்ந்துகொள்ளத்தான் பார்த்தான். எல்லோரையும் 'ப்ரோ' என்று கூப்பிடப் பழகி, பழகின வேகத்தில் பிசிக்ஸ் வாத்தியாரையும் ப்ரோ என்று கூப்பிட்டு வெளியே நின்றான். காதுக்கு மேலே கோடு கோடாக முடிவெட்டிக்கொண்டு போனான், பள்ளிக்கூடத்தில் ஒத்துக்கொள்ளாமல் முழுக்க வழித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள், மொட்டையோடு போனவனை 'ஏனுங்கோ, பழனிக்குப் போனீங்களாங்கோ' என்றார்களாம். நல்ல கிரிக்கெட் பேட்டாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பேட்டைச் சேர்த்துக்கொண்டார்கள், அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, புதர் ஓரமாகப் பந்து பொறுக்க நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவன் பிறந்தநாள் வந்தது. வகுப்பு மொத்தத்தையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றான். நான் மொட்டைமாடியில் சாமியானா போட்டு, பலூன் கட்டி, பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஆளை வைத்து, பாட்டுப் பெட்டிகூட வாடகைக்கு எடுத்தேன். ஒரு குஞ்சுகூட வரவில்லை மச்சான். அவன் பலூன்களுக்கு நடுவில் புதுச்சட்டையோடு நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தான். கடைசியில் நானும் துளசிமணியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கைதட்டிக் கேக்கை வெட்டினோம். சிக்கனைத் தண்ணி கம்பெனி டிரைவர்கள் தின்றார்கள், காரம் தூக்கல் என்றார்கள். அன்றைக்கு அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில்தான் நான் இறந்துபோனேன்.

அது போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மேட்டுப்பாளையம் ரோட்டில் கேன் இறக்கிவிட்டு டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். யாரோ பாவம் போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல வயசுதான் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என் முகம். 'அமரர் பொங்கியண்ணன்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டு, 'எங்கள் நண்பன் கவினின் பாசமிகு தந்தை' என்று எழுதியிருந்தது. படம் நம் ரித்திகா கல்யாணத்தில் நீங்கள் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றபோது எடுத்தது. உங்களை வெட்டியெடுத்துவிட்டார்கள். கையை மட்டும் வெட்ட முடியவில்லை போலிருக்கிறது, அமரரின் தோளில் உங்கள் கை மோதிரத்தோடு அப்படியே இருக்கிறது. டீக்கடைக்காரர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவருங்களா? அப்படியே உங்க சாடை" என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது? டீக்குக் காசு வாங்கவில்லை அவர்.

கோபம் எப்படி வந்தது என்கிறீர்கள். எந்த நாய் செய்த வேலை இது என்று கயிற்றை அவிழ்க்க ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். 'ஆழ்ந்த துயரத்துடன், பதினொன்று பி நண்பர்கள்' என்று போட்டு, நம் ஊர் ஃப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் இருக்குமே அதுபோலப் பிள்ளைகள் படம் வரிசையாக, வட்டம் வட்டமாக. கண்ணாடி போட்ட பெண் ஒன்று, தாடி முளைக்காத பையன்கள், நடுவட்டத்தில் கவின். எல்லோரும் பள்ளிக்கூட யூனிபாரத்தில் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டினாற்போல இருக்க, அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாலு பேரோடு அவன் இருக்கிற படம் ஒன்றை நான் பார்த்ததில்லை மச்சான். அந்த வரிசைக்குள் அவன் போக நான் செத்திருக்க வேண்டியிருந்தது. அவிழ்க்கப் போன கை நின்றுவிட்டது. இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்து, கேன் ஒன்றின் மூடியை உடைத்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கவினை முன்னால் நிறுத்திக் கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அவர்கள் பள்ளிக்கூடக் கேன்டீனுக்கு வழக்கமாகக் கேன் போடுகிறவர் வராத ஒரு நாள் நான் போய்ப் போட்டேன். தோளில் கேனோடு நான் நடந்து போனதைப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தன், "டேய் ஏனுங்கோ, அந்தாளுக்கு உன்ன மாதிரியே மூக்கு" என்றிருக்கிறான். "எங்க பெரியப்பாங்க" என்றிருக்கிறான் இவன். "அப்ப உங்கப்பா எங்கடா?" என்று கேட்டதற்கு, அடுத்து என்ன கேட்பார்கள் என்று பயந்து, "தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஒருவன் இவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டானாம். டாக்டர் மகள் பிரீத்திகா என்கிற பெண், அந்தக் கண்ணாடிக்காரிதான், தன் டப்பாவிலிருந்து பன்னீரை எடுத்து இவன் டப்பாவில் வைத்தாளாம். "அன்னைக்குத்தானுங்கப்பா மொத மொத எல்லாரும் என்னைக் கவின்னு கூப்பிட்டாங்க" என்றான். ஃப்ளெக்ஸுக்குப் படம் கேட்டபோது போனிலிருந்த கல்யாணப் படத்தை இவனே கொடுத்தானாம். நான் கையை ஓங்கினேன். விலகவில்லை. "அடிங்கப்பா. ஆனா நெசத்தைச் சொன்னா திங்கக்கிழமை மறுபடி ஏனுங்கோன்னு கூப்பிடுவாங்கப்பா" என்றான். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேன் சுவிட்சைப் போட்டேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே நேரத்துக்கு அவன் போனில் மெசேஜ் வந்தது. வகுப்பே திரண்டு துக்கம் கேட்கக் கிளம்பி, துடியலூர் சிக்னலில் நிற்கிறார்களாம், சந்து எது என்று கேட்கிறார்கள். பிறந்தநாளுக்கு வராத கூட்டம் மச்சான், இழவு என்றதும் வழி கேட்டு வருகிறது. வீட்டில் துளசிமணி வெள்ளிக்கிழமைக்குத் தலைக்குக் குளித்து, மல்லிகைப் பூவும் அகலப் பொட்டுமாக மகாலட்சுமி கணக்காக நிற்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் கவினைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்து நானே அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவளை அறைக்குள் தள்ளித் தாழ்போட்டேன். ஃப்ளெக்ஸில் மீசையோடு செத்திருக்கிறேன், பெரியப்பாவுக்கும் அதே மீசை இருந்தால் எப்படி? குளியலறைக்குள் ஓடி வழித்துப்போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் வைத்த மீசை. நம்மில் அப்பன் செத்தால்தான் மீசையை எடுப்பார்கள், நான் செத்ததற்கு நானே எடுத்துக்கொண்டேன். மறுநாள் கேன் போடப் போன வீடெல்லாம் "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்கள், 'ரொம்ப நெருங்கின சொந்தமுங்க' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். ஆப்பிளும் சாத்துக்குடியும் ஒரு ரோஜா மாலையும் கொண்டுவந்தார்கள். மாலையைப் போடப் படம் எங்கே என்று ஒரு பையன் கேட்டதற்கு, பிரேம் போடக் கொடுத்திருக்கிறோம் என்றேன். அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து துளசிமணி, "என் தாலியை அறுத்துப்போட்டியேடா, பாவி, உனக்கு நான் என்னடா கெடுதல் செஞ்சேன்" என்று கதவில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவள் கவினைத்தான் திட்டினாள். பிள்ளைகள் என்ன கண்டார்கள், எமனைத் திட்டுகிறாள் என்று நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள். பிரீத்திகா கவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான், அவன் அழுதது நிஜம், எதற்காக என்றுதான் எனக்குத் தெரியாது. ஒரு பெண் என்னிடம், "அங்கிள், உங்க பேருங்க?" என்றது. வாய்க்கு வந்தது உங்கள் பேர்தான், வெள்ளியங்கிரி என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

இனிமேல்தான் நான் செய்த மடத்தனம். இழவு வீட்டில் வந்தவரை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. போகிறவர் 'வாரேன்' என்று சொல்லக் கூடாது, நாமும் 'போயிட்டு வாங்க' என்று அனுப்பக் கூடாது. இது நம்மில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? வாசலில் நிழல் தட்டினாலே 'வாங்க' என்று திறக்கிற வாய் நம் வாய். அந்தப் பிள்ளைகள் கேட்டைத் திறக்கிறபோதே "வாங்க கண்ணு, வாங்க வாங்க, ஏன் வெயில்ல நிக்கறீங்க" என்று ஆரம்பித்தவன்தான். டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணி கொடுத்து, "சாப்பிட்டுத்தான் போகோணும், தோசை ரண்டு ஊத்தச் சொல்றேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். தாழ்போட்ட அறையில் கிடக்கிறவளை எழுப்பித் தோசை ஊற்றச் சொல்கிற பெரியப்பனை உலகத்தில் எங்காவது கண்டிருக்கிறீர்களா? கிளம்பும்போது கேட்டுவரை போய், "போயிட்டு வாங்க கண்ணுகளா, அடிக்கடி வாங்க, இது உங்க ஊடு மாதிரி" என்று கையசைத்தேன். டவுன் பிள்ளைகள், ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தேங்க்யூ அங்கிள் என்று போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். சபரீஷ் என்று பேர். அவன் சித்தப்பா கடையில்தான் ஃப்ளெக்ஸ் அடித்தார்களாம். மீசை இருந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறதல்லவா, அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் மெல்ல, "எங்கப்பா தவறினப்ப எங்க ஊட்டுல யாருமே வாங்கன்னு சொல்லலீங்க" என்றான். நான் மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டேன். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னை நேராகப் பார்த்து, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். உயிரோடு ஆள் இருக்கிற வீட்டில் சொல்கிற சொல்லைச் சொன்னான் மச்சான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

 திங்கட்கிழமை சபரீஷ் போட்டு உடைத்துவிடுவான் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கவினைத் தன் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டான். அதிலிருந்து எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் எனக்கே நம்ப முடியவில்லை. கவின் குளிக்கும்போது பாடுகிறான். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் அவனைச் சேர்த்துவிட்டார்கள், போன் ஓயாமல் கத்துகிறது. பேட்டிங் பிடிக்க விட்டார்களாம், ஒரு சிக்ஸர் அடித்தானாம், மட்டையைக் காற்றில் ஆட்டி எனக்கு நடித்துக் காட்டினான். சாயங்காலம் ஆனால் நான் கேன்களைக்கூட இறக்காமல், "இன்னைக்கு யார்கூட உக்காந்த, யார் என்ன சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே நடக்கிறேன். உயிரோடு இருந்து சாமியானா போட்டும் சிக்கன் போட்டும் என்னால் செய்ய முடியாததைச் செத்துச் செய்துபோட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பெருமையாகக்கூட இருக்கிறது. பள்ளிக்கூடப் பக்கம் வண்டியை விடுவதில்லை, அந்த ரோட்டு வாடிக்கையை வேறொருத்தருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். முகக்கவசம், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டுதான் துடியலூரில் நடமாடுகிறேன். அவன் பன்னிரண்டாவது முடிக்கிறவரை செத்தே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் தங்கைதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு சென்னிமலைக்கு நடந்து ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சோறு போடும்போது கவினிடம், "உங்க பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்கிறாள். நான் கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறாள். ஏன் என்றால், "புருசனோட அண்ணன் முன்னால உக்காரப்படாதுங்க, மொறை தெரியாதவளா நான்?" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். பெரியப்பாவுக்கு என்று என் படுக்கையை முன்ஹாலில் சோபாவில் போட்டுவிட்டாள். கவினிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள், "நான் எப்பச் சாகறேன்னு முன்னாடியே சொல்லிப்போடு கண்ணு, நல்ல சீலையா எடுத்து வெச்சுக்கறேன்" என்று. அவன் அன்றைக்குச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனான்.

நிற்க. நான் தங்களை வேண்டுவது இதுதான். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அப்பா இல்லாத பிள்ளை என்பதால் கார்டியன் கட்டாயம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா புதுசு, அட்மிஷனுக்கு வந்த என்னைப் பார்த்ததில்லை, ஃப்ளெக்ஸில்தான் பார்த்திருக்கிறார்கள். நான் போனால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். தாய்மாமன் வருவதுதான் முறை. ஆகவே தாங்கள் அதிகாலைப் பஸ்ஸைப் பிடித்து வந்து, வெள்ளை வேட்டி சட்டையில், முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். பேர் கேட்டால் வெள்ளியங்கிரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது நான். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவும், ஃப்ளெக்ஸில் இருக்கிறது. யாரையும் 'வாங்க' என்று கூப்பிடாதீர்கள், தயவுசெய்து. உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கலாம், ரித்திகா கல்யாணத்தில் என்னை இரண்டாவது பந்தியில் உட்காரவைத்ததைக்கூட இத்தோடு மறந்துவிடுகிறேன். பையனுக்கு நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள் மச்சான். அதை என்னால் பிடுங்க முடியாது.

ரித்திகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் ஊர் மகுடேசுவரர் துணையிருந்து உங்கள் குடும்பத்தில் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும், என் கணக்கையும் முடிந்தால் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
(இன்னும்) பொங்கியண்ணன்.

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். நேற்று கூரியர் கடை திறக்கவில்லை, அதனால் கடிதம் என்னிடமே இருந்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம்.

நேற்று சபரீஷின் அப்பாவுக்குத் திதி. சாயங்காலம் கவினை வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். வேண்டுமென்றுதான் கூட்டிப் போனானா, கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்று கூட்டிப் போனானா, எனக்குத் தெரியவில்லை. சபரீஷின் அம்மா இவனைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருக்கிறார்கள் போல. "உங்கப்பாவுக்கு என்ன புடிக்கும் கண்ணு?" என்று கேட்டார்களாம். ஒப்புட்டு என்றிருக்கிறான், நான் போளிக்கு அலைகிறவன் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. உடனே ஆளனுப்பி வாங்கிவரச் செய்து, அவர்கள் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் போட்ட இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, அதில் ஒப்புட்டை வைத்து, "இது உங்கப்பாவுக்கு, கும்பிட்டுக்க" என்று சூடம் கொளுத்தியிருக்கிறார்கள். எனக்குப் படையல் மச்சான். கவினுக்குக் கை கூப்ப வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, "எங்கப்பா உசுரோட இருக்காருங்க" என்று அழுதிருக்கிறான். அந்தம்மா திட்டவில்லையாம். "இல்லாதவரை இருக்காருன்னு சொல்ல முடியலையேன்னு நான் கெடக்கறேன், நீ இப்படிச் செஞ்சுபோட்டியே கண்ணு" என்று மட்டும் சொன்னார்களாம். சபரீஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தவன் எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. வகுப்புக் குரூப்பில், 'எங்க அப்பா சாகல. தண்ணி கேன் போடறவர் என் பெரியப்பா இல்ல, அவர்தான் எங்க அப்பா' என்று எழுதிப் போட்டுவிட்டான். போன் ஒரேயடியாக அலறி, அப்புறம் அடங்கிவிட்டது. குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒருத்தரும் பேசவில்லை. பிரீத்திகா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாளாம். 'ஏனுங்கோ, யாருங்கோ அடுத்தது' என்று கேட்டார்களாம். சபரீஷும் பேசவில்லை. ஆனால் பெஞ்சை மாற்றிக்கொள்ளவும் இல்லை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தான் என்றான். அதை அவன் இரண்டு தரம் சொன்னான்.

என் இலையில் வைத்த ஒப்புட்டை அந்தம்மா பொட்டலம் கட்டி, "உசுரோட இருக்கறவரே தின்னுக்கட்டும்" என்று அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். துளசிமணி அதைத் தொடக் கூடாது, குப்பையில் போடு என்றாள். நான் தின்றேன். எனக்கு வைத்ததை நான் தின்னாமல் யார் தின்பது? தேங்காய் ஒப்புட்டு, கொஞ்சம் காய்ந்திருந்தது. தின்கிறபோது உங்கள் தங்கை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து நிற்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானே போகிறேன். டீச்சரம்மா மயக்கம் போட்டு விழாமல் இருக்க, இந்தக் கடிதத்தில் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேனோ அதையெல்லாம் அங்கேயும் சொல்லியாக வேண்டும். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. இதை இனி எதற்கு அனுப்புகிறேன் என்று கேட்பீர்கள். பிளாக்கை எடுத்துவிடுங்கள், அதற்குத்தான்.

இப்போது கவின் வந்து பக்கத்தில் நின்றான். நாளைக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டாமாம். "கேட்டு வரைக்கும் வண்டியிலயே வாங்கப்பா. எல்லாரும் நிப்பாங்க. ஆரன் அடிச்சுட்டு வாங்க" என்றான்.